கல்விசார் சுதந்திரம் என்றால் என்ன? கம்பஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கொழும்பில் நான் கற்பிக்கும் இடத்தில் வியாழக்கிழமை பிற்பகல் ஒரு டியூட்டோரியல். 18 பிள்ளைகள், இரண்டு மின்விசிறி, அதில் ஒன்றுதான் சுற்றும். அன்றைக்குப் பாடம் தரப்படுத்தல். 1970களில் பல்கலைக்கழக அனுமதியில் முதலில் மொழிவாரியாகவும் பிறகு மாவட்டவாரியாகவும் வந்த அந்த மாற்றத்தைப் பற்றிக் கதை கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இலங்கையில் குறைவு. பலகையில் 250, 229 என்று இரண்டு எண்களை எழுதினேன். 1970/71 அனுமதியில் மருத்துவ பீடத்துக்குப் போகத் தமிழ் மூல மாணவருக்கு வேண்டியிருந்த புள்ளி முதலாவது. சிங்கள மூல மாணவருக்கு வேண்டியிருந்தது இரண்டாவது. எல்லோரும் குனிந்து எழுதினார்கள். அப்போது மன்னாரிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி கையைப் பாதி உயர்த்தினாள்.

“மிஸ், 1974இல மாவட்டக் கோட்டா வந்தது தானே. அதால எங்கட பக்கத்துக்கு நன்மையும் கிடைச்சது எண்டு அம்மாட பெரியப்பா சொல்லுவார். அவர் அதாலதான் கம்பஸ் போனவர்.”

பின் வரிசையில் யாழ்ப்பாணத்துப் பெடியன் ஒருவன் சட்டென்று கேட்டான்: “நீர் என்ன கதைக்கிறீர் எண்டு உமக்கு விளங்குதா?”

அவள் கையை இறக்கினாள். பக்கத்தில் இருந்த தோழி அவள் சொன்னதை எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டதும், அந்தக் கொப்பியின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்தாள். “இதை எழுத வேண்டாம்” என்றாள்.

கல்விசார் சுதந்திரம் பற்றி எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அரசாங்கம், சட்டம், கைது என்று தொடங்குவதுதான் வழக்கம். அவை முக்கியமானவை, அவற்றுக்கும் வருவேன். ஆனால் அந்தப் பிள்ளை பொலிசுக்குப் பயப்படவில்லை, தன் பெச்சில் கூடப் படிப்பவர்களுக்குத்தான் பயந்தாள். அந்தப் பயத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் இந்தச் சொல்லின் பாதிப் பொருள்தான் நமக்குப் பிடிபடும்.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்லிக்கொடுப்பேன். பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்து சரியா பிழையா என்பதை யார் தீர்ப்பது? இந்தக் கேள்விக்கு உலகம் நீண்ட காலம் பட்டு அறிந்து கண்டுபிடித்த விடைதான் கல்விசார் சுதந்திரம். அந்தத் துறையைக் கற்றவர்கள், சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் பார்க்க வாதாடித் தீர்ப்பார்கள். அமைச்சருக்கு அதில் இடமில்லை. பணம் கொடுப்பவருக்கும் இல்லை. கூட்டமாக வந்து சத்தம் போடுபவருக்கும், இனத்தின் காவலர் என்று தம்மைச் சொல்லிக்கொள்பவருக்கும் இல்லை. பேராசிரியரும் தன் பதவியைக் காட்டி வெல்ல முடியாது.

இதைப் பேச்சுச் சுதந்திரத்தோடு ஒன்றாகப் போட்டுக் குழப்புபவர்கள் அதிகம். 2020 டிசம்பரில், கோவிட் பரவிக்கொண்டிருந்தபோது, கேகாலையில் ஒருவர் காய்ச்சிய பாணியை வாங்க ஆயிரக்கணக்கானோர் திரண்டது நினைவிருக்கும். அந்தப் பாணி நல்லது என்று அயல்வீட்டாரிடம் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. நமது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை தரும் பேச்சுச் சுதந்திரம் சான்று கேட்பதில்லை. ஆனால் மருத்துவ பீடத்து விரிவுரையாளர் ஒருவர் அதையே பாடமாகச் சொன்னால் கதை வேறு. எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டீர்களா, முடிவு எங்கே என்று அடுத்த அறைக்காரர் கேட்பார். விடை இல்லையென்றால் அது பாடத்தில் நிற்காது. பரீட்சைத் தாளில் அதை எழுதும் மாணவருக்குப் புள்ளியும் கிடைக்காது. இங்கே யாருடைய சுதந்திரத்தையும் யாரும் பறிக்கவில்லை. பேச்சுச் சுதந்திரம் பிறப்போடு வருவது. கல்விசார் சுதந்திரம் தொழிலோடு வருவது, அந்தத் தொழிலின் ஒழுங்கையும் கூடவே கொண்டு வருவது.

1997இல் உயர்கல்வி ஆசிரியர்கள் பற்றி யுனெஸ்கோ ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. கற்பிக்கவும் விவாதிக்கவும் சுதந்திரம், ஆராய்ந்து முடிவை வெளியிடச் சுதந்திரம், தான் வேலை செய்யும் நிறுவனத்தையே விமர்சிக்கும் சுதந்திரம் எல்லாம் அதில் உண்டு. அந்த மூன்றாவதைக் கேட்டால் நம் மாணவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பல்கலைக்கழகத்தின் கல்வி விடயங்களைத் தீர்மானிக்கும் மூதவையின் (செனட்) கூட்டத்தில் எழும்பி, “இந்த முடிவு பிழை” என்று துணைவேந்தரிடம் சொல்வதும் இதில் அடங்கும். அமெரிக்கப் பேராசிரியர் சங்கம் 1940இல் வெளியிட்ட கூற்று இன்னொரு பக்கத்தைச் சொல்கிறது. ஆசிரியர் வகுப்புக்கு வெளியே ஒரு குடிமகனாகப் பேசும்போது நிறுவனம் அவரைத் தண்டிக்கக் கூடாது. ஆனால் பாடத்தோடு சம்பந்தமில்லாத சர்ச்சையை அவர் வகுப்புக்குள் இழுத்து வரவும் கூடாது. கணித வகுப்பில் வகையீட்டைப் பாதியில் விட்டுவிட்டுத் தேர்தல் பிரசாரம் செய்பவருக்கு இந்தச் சுதந்திரம் குடை பிடிக்காது.

இவையெல்லாம் நம் நாட்டில் எப்படி நடைமுறையில் வரும் என்று கேட்பவர்களுக்கு நான் பசளைக் கதையைச் சொல்வேன். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டது. ஒரே பருவத்தில் நாடு முழுவதையும் சேதனப் பசளைக்கு மாற்ற முடியாது, விளைச்சல் விழும் என்று விவசாயத் துறைப் பேராசிரியர்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே அவர்களில் ஒருவர். அமைச்சர் அவரை விவசாய அமைச்சின் குழுக்களிலிருந்து நீக்கினார். ஆனால் அமைச்சரின் கை அதோடு நின்றது. அவருடைய பேராசிரியர் பதவியை அவரால் தொட முடியவில்லை. அவர் தொடர்ந்து பேசினார். நவம்பரில் அரசாங்கம் தடையைத் தளர்த்த வேண்டியதாயிற்று, அதற்குள் அடுத்த பெரும்போகம் அடிபட்டுப்போயிருந்தது. வேலைப் பாதுகாப்பு என்பது விரிவுரையாளர்கள் தங்களுக்காகக் கேட்டு வாங்கிய சலுகை என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்க வேண்டும். அந்தப் பாதுகாப்பின் பலனை அனுபவிக்க வேண்டியவர் அநுராதபுரத்திலும் கிளிநொச்சியிலும் வயலில் நின்ற விவசாயி. அவர் அதை அனுபவிக்காமல் போனதற்குக் காரணம், சொன்னதைக் கேட்க ஆள் இல்லாமல் போனது.

சட்டம் இதைக் காக்கிறதா? பாதிதான். தென்னாப்பிரிக்காவின் 1996 அரசியலமைப்பு கல்விசார் சுதந்திரத்தைப் பெயர் சொல்லியே காக்கிறது. நமது 1978 அரசியலமைப்பில் அந்தச் சொல் இல்லை. சிந்தனைச் சுதந்திரம் 10ஆம் உறுப்புரையில் உண்டு, பேச்சுச் சுதந்திரம் 14இல் உண்டு. 15ஆம் உறுப்புரை இன, மத நல்லிணக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் என்ற காரணங்களைச் சொல்லிப் பேச்சுச் சுதந்திரத்துக்கு வேலி போடுகிறது. உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்யலாம். இந்த ஒரு மாதக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பலர் அதைத் தவறவிட்டுவிட்டுத்தான் சட்டத்தரணியிடம் போகிறார்கள்.

இவற்றுக்குப் பக்கத்தில் 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டமும், 2007இன் ஐசிசிபிஆர் சட்டமும், 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிற்கின்றன. ஐசிசிபிஆர் சட்டம் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயத்தை (அதன் ஆங்கிலச் சுருக்கம்தான் ஐசிசிபிஆர்) நம் நாட்டுக்குள் கொண்டுவர இயற்றப்பட்டது. அதே சட்டத்தின் கீழ்தான் சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலில் கைதாகி நான்கு மாதம் சிறையில் இருந்தார். தமிழில் கவிதை எழுதிய ஆசிரியர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2021 டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் விடுதலை. ஒரு தமிழ்க் கவிதைக்கு என்ன பொருள் என்று தமிழ் இலக்கியம் கற்றவர் நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்டால் ஒரு பிற்பகலில் முடியும் வேலை. அதைப் பொலிசாரின் கையில் கொடுத்தால் மூன்றரை வருடம் எடுக்கிறது. யார் தீர்ப்பது என்பதுதான் இதில் பிரதானம் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பல்கலைக்கழகத்தின் தன்னாட்சி பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. 1942இல் ஐவர் ஜெனிங்ஸ் இலங்கைப் பல்கலைக்கழகத்தைக் கொழும்பில் தொடங்கியபோது இருந்த அளவு சுயாதீனம் பிறகு இருக்கவில்லை. 1966இன் சட்டம் அதைக் குறைத்தது. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டப்படி, பல்கலைக்கழகத்தின் நிர்வாகப் பேரவை (கவுன்சில்) மூன்று பெயர்களைக் கொடுக்கும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு பரிந்துரைக்கும், ஜனாதிபதி துணைவேந்தரை நியமிப்பார். நியமிக்கும் பேனை யாருடையது என்று தெரிந்தால், சில துணைவேந்தர்கள் சில வேளைகளில் ஏன் வாய் திறப்பதில்லை என்பதும் தெரியும்.

கொழும்பு 7இல் பௌத்தாலோக மாவத்தைப் பக்கம் நடந்து போகிறவர்கள் இரண்டு பெயர்ப்பலகைகளைக் காணலாம். ஒன்று பேராசிரியர் ஸ்டான்லி விஜேசுந்தர மாவத்தை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த அவரை 1989 மார்ச்சில், தெற்கில் ஜேவிபி கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த நாட்களில், அவருடைய அலுவலக அறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். மற்றது வித்யா மாவத்தை. 2006 டிசம்பர் 15ஆம் திகதி இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் கூட்டத்துக்காக அங்கே வந்தார் கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பேராசிரியர் சி. ரவீந்திரநாத். மட்டக்களப்பில் அச்சுறுத்தல் இருந்ததால் கொழும்பில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் வைத்துக் காணாமல் போனார். இன்றுவரை திரும்பவில்லை. அந்த வழியால் போகும்போதெல்லாம் நான் ஒரு நிமிடம் நிற்பேன். வீதிக்குப் பெயர் வைத்தார்கள், அது நல்லது. மற்றவருக்கு ஒரு பெயர்ப்பலகையும் இல்லை.

அதே 1989இல், செப்டெம்பர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். வயது 35. இந்திய இராணுவம், இலங்கை அரசு, இயக்கங்கள் என்று எல்லாத் தரப்பும் செய்த கொடுமைகளை ஒரே தராசில் வைத்து எழுதிய மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். அந்தக் கொலைக்கு விடுதலைப் புலிகள் மீதே குற்றம் சாட்டப்பட்டது. நம்மவர் செய்ததை நம்மவரே எழுதுவது என்பது நம் சமூகத்தில் என்ன விலை கேட்டது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தேவையில்லை.

இப்போது துவக்கு இல்லை. ஆனால் பழக்கம் போகவில்லை. 2023 ஒக்டோபரில் சட்டத்தரணி சுவஸ்திகா அருலிங்கம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நீதித்துறையின் சுதந்திரம் பற்றி உரையாற்ற அழைக்கப்பட்டிருந்தார். முல்லைத்தீவு நீதிபதி பதவி விலகி நாட்டை விட்டுப் போன சில வாரங்களுக்குள் நடக்கவிருந்த உரை, தலைப்பு அவ்வளவு அவசரமானது. விடுதலைப் புலிகளைப் பற்றி அவர் முன்பு சொன்ன கருத்துக்கு மாணவர் மத்தியில் எதிர்ப்பு எழுந்தது, உரை நடக்கவில்லை. அந்தக் கருத்தால் மனம் புண்பட்ட பிள்ளைகளை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர்களில் பலர் போரில் அண்ணனையோ அக்காவையோ இழந்தவர்கள். அதே பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இடித்தபோது, வாசலில் நின்று அழுதவர்களும் உண்ணாவிரதம் இருந்தவர்களும் மாணவர்கள்தான். சில மாதங்களில் தூபி மீண்டும் எழுந்தது. நினைவுகூரும் உரிமையைப் போராடி மீட்டெடுத்த அதே இடத்தில், அந்த நினைவைப் பற்றி வேறு விதமாகச் சிந்திக்கும் ஒருவரும் பேச இடம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் சொன்னதை ஏற்க வேண்டியதில்லை. வாசலில் பதாகை பிடிக்கலாம், துண்டுப்பிரசுரம் கொடுக்கலாம், கறுப்புப் பட்டி கட்டிக்கொண்டு முன் வரிசையில் இருந்து கேள்வியால் துளைக்கலாம். அவையும் பேச்சுத்தான். மற்றவர்கள் கேட்க முடியாதபடி கதவைச் சாத்துவது மட்டும் அதில் சேராது. கேட்க விரும்பி வந்த மாணவருக்கும் ஓர் உரிமை உண்டு. பழைய ஜெர்மன் பல்கலைக்கழக மரபில் கற்பிக்கும் சுதந்திரத்துக்கு ஒரு சொல், கற்கும் சுதந்திரத்துக்கு ஒரு சொல் என்று தனித்தனியாக வைத்திருந்தார்கள். நாம் இரண்டாவதை அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

சாதியும் இப்படித்தான். 1968இல் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போகக் கேட்டுப் போராடிய மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் என்ன நடந்தது என்று ஆய்வு செய்ய விரும்பும் பிள்ளையிடம் “இதை ஏன் இப்ப கிண்டுறாய்?” என்று கேட்பது சட்டமோ இராணுவமோ இல்லை. வீட்டுக் கூடத்தில் கதிரையில் இருக்கும் பெரியவர். நேர்காணலுக்கு ஆள் கிடைக்காது, ஊரில் பழைய கடிதம், படம் ஒன்றும் கொடுக்க மாட்டார்கள், ஆய்வு தானாகவே நின்றுவிடும். தடை உத்தரவு என்று ஒரு கடதாசியும் எங்கும் இருக்காது.

அப்படியென்றால் எதையும் சொல்லலாமா என்று கேட்பார்கள். முடியாது. ஓர் இனத்தவரையோ மதத்தவரையோ தாக்கச் சொல்லித் தூண்டுவது எந்தச் சுதந்திரத்துக்குள்ளும் வராது. புண்படுவதும் தூண்டப்படுவதும் ஒன்றல்ல என்பதைத்தான் முதலில் பிரித்தறிய வேண்டும். மகாவம்சத்தை வரலாற்றுச் சான்றாக எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வி சிலரைப் புண்படுத்தும். ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி அது. “அந்த ஆட்களின் கடைகளை மூடவைக்க வேண்டும்” என்பது கேள்வியே இல்லை. ஆசிரியருக்கு இன்னொரு வேலியும் உண்டு. புள்ளி போடுவது என் கையில் இருக்கிறது. என் அரசியலுக்குத் தலையாட்டாத பிள்ளைக்கு நான் புள்ளியைக் குறைத்தாலோ, வகுப்பில் எல்லோர் முன்னும் அவளுடைய இனத்தையோ ஊரையோ சொல்லிக் கேலி செய்தாலோ, நான் என் சுதந்திரத்தைப் பயன்படுத்தவில்லை, அவளுடையதைப் பறிக்கிறேன். பகிடிவதையையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன். 1998இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது. முதல் மாதத்தில் தலை குனிந்து நடக்கச் சொல்லிப் பழக்கப்பட்ட பிள்ளை, மூன்றாம் மாதம் டியூட்டோரியலில் நிமிர்ந்து கேள்வி கேட்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

திரும்ப அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு நான் சரியாக நடந்துகொள்ளவில்லை. நேரம் போய்விட்டது என்று சொல்லி அடுத்த தலைப்புக்குத் தாவிவிட்டேன். இரவு முழுக்க அந்த உள்ளங்கை கண்ணுக்குள் நின்றது. அவள் கேட்டது ஒன்றும் துரோகம் இல்லை, அருமையான ஆய்வுக் கேள்வி. மொழிவாரி வெட்டுப்புள்ளி ஒரு திட்டம், மாவட்டக் கோட்டா இன்னொரு திட்டம். முதலாவது தமிழ் மூலத்தில் எழுதிய எல்லோரையும் அடித்தது. இரண்டாவது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் அடித்தது, பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கதவைத் திறந்தது. 1970/71இல் பொறியியலுக்குத் தெரிவானவர்களில் தமிழர் 40 வீதத்துக்கு மேல், 1974இல் ஏறத்தாழ 16 வீதம். இது உண்மை. மன்னார்ப் பெரியப்பா கம்பஸ் போனதும் உண்மை. இன்றைய 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்ற ஏற்பாட்டில் அந்த இரண்டாவது திட்டத்தின் நிழல் இன்னும் விழுகிறது. அந்த வகுப்பில் இருந்த 18 பேரிலும் மாவட்டக் கணக்கில் வந்தவர்கள் இருக்கலாம்.

அடுத்த வாரம் வகுப்பில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அவள் கேட்டதையே ஒப்படையாகக் கொடுத்தேன். விரும்பிய பக்கத்தில் நின்று எழுதலாம், ஆனால் எதிர்ப்பக்கத்தின் மிக வலுவான சான்றை எடுத்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை. யாழ்ப்பாணத்துப் பெடியன் 22 பக்கம் எழுதினான். மொழிவாரி வெட்டுப்புள்ளி செய்த அநியாயத்தை அவன் எழுதிய விதத்தில் கோபமும் கணக்கும் சேர்ந்து இருந்தன. மன்னார்ப் பகுதிக்கும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தான், மனமில்லாமல்தான், ஆனால் நேர்மையாக. அவனுக்கு 71, அவளுக்கு 68 போட்டேன்.

திங்கட்கிழமை காலை அவள் அந்த ஒப்படையோடு என் அறைக்கு வந்தாள். “மிஸ், என்ர அட்டவணையை 1969இல இருந்து தொடங்கேல்ல எண்டு புள்ளி வெட்டியிருக்கிறீங்க. ஆனா மாவட்டக் கோட்டாவை மட்டும்தானே நான் எடுத்தனான். 1973இல இருந்து தொடங்கினா என்ன பிழை?” அரை மணித்தியாலம் விடவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. 2 புள்ளி கூட்டினேன்.